ஊரில் ஒரே மழலையர் பள்ளி: சேர்க்கலாமா?

கேள்வி: நாங்கள் குடிவந்திருப்பது சின்ன ஊர். மூன்று வயது மகளைச் சேர்க்க அரசு மழலையர் பள்ளி ஒன்றுதான் உண்டு, அதிலும் ஒரே வகுப்பு. குழந்தைகள் எல்லோரும் ஒரே மாதிரி குடும்பங்கள் போலத் தெரிகிறது, எங்கள் மொழி பேசுகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. பலதரப்பட்ட பிள்ளைகளோடு பழகட்டும் என்று தொலைவில் இருக்கும் நகரத்துப் பள்ளியில் சேர்க்கலாமா? – ஒரு வாசகி

பதில்: தினமும் அவ்வளவு தூரம் மூன்று வயதுக் குழந்தையை அலைக்கழிக்காதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

'ஒரே மாதிரி' என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? 15 பேர் படிக்கிற வகுப்பில் ஒரு குழந்தை என்றாலே கிட்டத்தட்ட 7 சதவீதம், இரண்டு குடும்பங்கள் வந்து போனால் அடுத்த வருடக் கணக்கே மாறிவிடும். நகரத்தில் பலதரப்பு மக்கள் இருப்பார்கள், சரி, ஆனால் பள்ளிகள் நிறைய இருக்கிற இடத்தில் வசதியானவர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோவதும் சகஜம். சில அரசுத் திட்டங்களே அப்படிப் பிரிக்கின்றன. அமெரிக்காவில் 1965-ல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் என்ற மழலையர் கல்வித் திட்டம் பெரும்பாலும் குடும்ப வருமானம் பார்த்துத்தான் பிள்ளைகளைச் சேர்க்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளி எல்லோருக்கும் பொதுவானது என்றால் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் கூலி வேலைக்குப் போகிறவர் பிள்ளையும் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் இது தெரியாது.

இன்னொன்று, கலவை மட்டுமே பள்ளியை நல்லதாக்கிவிடாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-ல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வில் இருந்த 123 குழந்தைகளும் ஏழைக் கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களில் 58 பேருக்கு மட்டும் மழலையர் பள்ளி கிடைத்தது. நாற்பது வயதில் பார்த்தபோது, மற்றவர்களைவிட அந்த 58 பேரில் வேலையில் இருந்தவர்கள் அதிகம், கைதானவர்கள் குறைவு. அங்கே ஆசிரியர்கள் வாராவாரம் வீட்டுக்கும் போனார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அதனால் ஒரு நாள் காலையில் போய் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். யாரோடு யார் விளையாடுகிறார்கள், ஒதுங்கி நிற்கிற பிள்ளையை டீச்சர் என்ன செய்கிறார், பேச்சு தாமதமான குழந்தையை எல்லோரோடும் வைத்திருக்கிறார்களா, தனி அறையா? புது மொழி கேட்கிற குழந்தை சில மாதம்கூட வாயே திறக்காமல் இருக்கலாம், அதைக் கூச்சம், மந்தம் என்று முத்திரை குத்துவார்களா என்று நேராகவே கேளுங்கள். வீட்டில் மட்டும் உங்கள் மொழியை நிறுத்திவிடாதீர்கள், பள்ளியில் யாராவது நிறுத்தச் சொன்னாலும்.