ஏலக்காட்டுல கிடைச்சது பாம்பா, புழுவா?

கேள்வி: அண்ணே, நான் கம்பம். வேலைக்கு தினமும் ஜீப்புல குமுளி பக்கம் ஏலக்காட்டுக்குப் போறேன். போன மழையில மண்ணு வெட்டும்போது வழவழன்னு, உடம்பெல்லாம் வளையமா ஒண்ணு வந்துச்சு. கூட இருந்தவங்க குட்டிப்பாம்புன்னு அடிச்சுட்டாங்க. மண்புழுவுக்கு எலும்பு உண்டா?

பதில்: மண்புழுவுக்கு எலும்பே கிடையாது தம்பி. நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது சிசிலியனாத்தான் இருக்கணும், அதாவது தவளைக்குச் சொந்தக்காரன், பாக்கத்தான் புழு மாதிரி, உள்ள தலையிலேர்ந்து வால் வரைக்கும் முதுகெலும்பு ஓடுது. கால் ஆரம்பத்துலயே இல்லாம இல்ல, அமெரிக்காவுல அரிசோனாவுல ஜுராசிக் காலத்து சிசிலியனோட புதைபடிவம் ஒண்ணு கிடைச்சு 1993ல விவரிச்சாங்க, இயோசிசிலியான்னு பேரு, அதுக்கு குட்டியா நாலு கால் இருந்துச்சு! மண்ணுக்குள்ளயே துளைச்சுப் போறதுக்கு கால் இடைஞ்சல்தானே, போகப்போக காணாமப் போச்சு. கண்ணும் சின்னதாயிடுச்சு, ஆனா கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு குட்டி உணர்கொம்பு இருக்கு, தவளைக்குக்கூட அது கிடையாது, மோப்பம் பிடிக்க அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கற இக்தியோபிஸ்ங்கற சிசிலியன் வகையில தாய் முட்டைகளைச் சுத்தி சுருண்டு காவல் காக்கும். பாவம், பாம்புன்னு நினைச்சு இதை அடிச்சுடறாங்க. அடுத்த தடவை மண்வெட்டியால அள்ளி ஓரமா ஈரமண்ணுல விட்டுடுங்க, ஆனா கையால தொடாதீங்க, நெஜமாவே பாம்பா இருந்துட்டா?