முஸ்லிம்கள், பயங்கரவாதம் பற்றிய செய்திகளில் ‘ஊடகச் சார்பு’ என்பது என்ன?

ஒரே வகைக் குற்றத்துக்கு, செய்தவர் யார் என்று பார்த்துச் சொல்லை மாற்றுவதுதான் ஊடகச் சார்பு. 1995இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். புகை அடங்கும் முன்பே சில ஊடகங்கள் மத்திய கிழக்கை நோக்கி விரல் நீட்டின. பிடிபட்டவரோ அந்நாட்டின் முன்னாள் ராணுவ வீரர் டிமோத்தி மெக்வே. 2011இல் நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டபோதும் முதல் ஊகம் தவறாக அதே பக்கம்தான் போனது. அவசரத்தில் கை பழகிய கதையைத்தானே எடுக்கும்!

அடுத்த வீட்டுப் பையன் ஜன்னலை உடைத்தால் ‘அந்தக் குடும்பமே அப்படித்தான்’ என்போம். நம் பையன் உடைத்தால் ‘பந்து தவறிவிட்டது’.

சார்பு என்றால் பொய்ச் செய்தி என்று பலர் நினைக்கிறார்கள்; ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தாலும், எதைத் தலைப்பாக்கினார்கள், எதை விட்டார்கள் என்பதில் சார்பு ஒளிந்திருக்கலாம்.