ரஷ்யாவிடம் உண்மையில் எத்தனை தொலைதூரக் குண்டுவீச்சு விமானங்கள் இருக்கின்றன? ஒருவர் 70 என்கிறார், இன்னொருவர் 130 என்கிறார்.

ரெண்டு யூடியூப் சேனலைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு எண்ணும் சரிதான். டியு-95எம்எஸ் ஐம்பது சொச்சம், டியு-160 பதினைந்து பக்கம். கண்டம் தாண்டிப் போகக்கூடியவை இவைதான், கூட்டினால் 70-ஐ ஒட்டி வரும். டியு-22எம்3-ஐயும் சேர்ப்பவர்கள் 120, 130 என்பார்கள். அதன் வீச்சு குறைவு, அமெரிக்காவும் ரஷ்யாவும் அணு ஆயுதங்களுக்கு வரம்பு வைத்துப் போட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தக் (2026 பிப்ரவரியில் காலாவதியானது) கணக்கிலும் அது வந்ததில்லை. இதெல்லாம் 2025 ஜூன் 1-இல் ரஷ்யத் தளங்கள் மீது உக்ரைன் நடத்திய ட்ரோன் தாக்குதலுக்கு முந்தைய நிலவரம்.

ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது வேறு காரணத்தால். அரக்கோணம் ராஜாளி தளத்தில் நம் கடற்படையின் டியு-142 விமானங்களைப் பராமரித்தவர்களில் நானும் ஒருவன். டியு-95-இன் கடற்படை வடிவம் அது. பின்னால் வந்த டியு-95எம்எஸ், இந்த 142-இன் உடலை வைத்தே கட்டப்பட்டது. நம்மிடம் எட்டு இருந்தன. அந்த எட்டும் தினம் பறந்திருக்கும் என்று நினைப்பவர் பராமரிப்பு வேலையைப் பார்த்ததே இல்லை. ஒரு என்ஜினுக்கு எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ப்ரொப்பெல்லர், எட்டு பிளேடு. நான்கு என்ஜினுக்கு முப்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்ப்போம். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அன்றைக்கு அது கிளம்பாது. பெரிய பரிசோதனை வந்தால் பேனல்களைத் திறந்து போட்டு மாதக்கணக்கில் நிற்கும். எந்த நாட்டிலும் இதுதான் நடைமுறை, நம்மைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

போன வருடம் ஒரு விசேஷ வீட்டில் அக்கா பையன் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, "மாமா, எங்கெல்ஸ்ல இத்தனை நிக்குது, எண்ணியாச்சு" என்றான். "நிக்கிறதை எண்ணாதேடா, ப்ரொப்பெல்லர் இருக்கான்னு பாரு" என்றேன். எங்கெல்ஸ் ரஷ்யாவின் குண்டுவீச்சு விமானத் தளம்; அங்கேதான் 2023-இல் பார்ப்பவரை ஏமாற்றத் தரையில் விமானம் மாதிரி வரைந்தும் வைத்தார்கள், இறக்கை மேல் டயரும் அடுக்கினார்கள். அதோடு, வடக்கே ஒலென்யாவில் நிற்பது நாலு நாளில் அமூர் பக்கம் உக்ராயின்கா தளத்தில் நிற்கும். ஒரே நாளில் எடுத்த படங்கள் இல்லையென்றால் ஒன்றையே இரண்டு தடவை எண்ணுவோம். 1955-இல் மாஸ்கோ விமான அணிவகுப்பில் அதே சோவியத் எம்-4 குண்டுவீச்சு விமானங்கள் சுற்றி வந்து மறுபடி பறந்ததை நம்பித்தான் அமெரிக்கா ஏகத்துக்கும் பயந்தது.

முன்பு நியூ ஸ்டார்ட் ஒப்பந்தப்படி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரு தரப்பும் எண்ணிக்கையைக் கொடுத்துக்கொள்ளும். 2023 பிப்ரவரியில் ரஷ்யா அதில் பங்கேற்பதை நிறுத்தியதிலிருந்து எல்லோருக்கும் படம்தான் கதி.

அரக்கோணத்து ஜனங்கள் வருடக்கணக்காக டியு-142-இன் இரைச்சலைக் கேட்டுத் தூங்கியவர்கள். 2017-இல் அது ஓய்வு பெற்றபின் அருங்காட்சியகமாக ஏறிப் பார்க்க விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, இப்போதைய நிலவரம். ஜூன் 1 ட்ரோன் தாக்குதலில் 41 விமானங்களைத் தாக்கியதாக உக்ரைன் சொன்னது. அமெரிக்க அதிகாரிகள் சுமார் 20-ஐத் தாக்கியது, அதில் 10 வரை அழிந்தது என்றார்கள். எரிந்து கிடப்பது படத்தில் தெரியும், உள்ளே ஒயரிங் கருகியது தெரியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் உண்மை இருக்கும். டியு-95எம்எஸ் உற்பத்தி தொண்ணூறுகளிலேயே நின்றுவிட்டது, போனது போனதுதான். கசானில் டியு-160எம் மட்டும் மெதுவாக வருகிறது.

என் கணிப்பு: டியு-95எம்எஸ், டியு-160 இரண்டும் சேர்த்து உடலாக 60 பக்கம் இருக்கும், சொன்னவுடன் கிளம்பக்கூடியவை அதில் பாதி. பாதி என்பது ஹாங்கர் அனுபவத்தில் சொல்வது, ரகசியத் தகவல் எதுவும் என்னிடம் இல்லை. நான் ரஷ்யா பக்கமும் இல்லை, உக்ரைன் பக்கமும் இல்லை. கனரக விமானத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது பாதி என்பது தப்பு என்றால் கீழே எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.