முதல் வில்: லாங்போவா, ரீகர்வா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். வயது 36. பயிற்சி முகாம் ஒன்றில் இரவல் வில்லில் கொஞ்சம் பழகினேன். குறிபார்க்கும் கருவி எதுவும் மாட்டாமல், மரபுமுறையில் எய்யத்தான் ஆசை. கடைக்காரர் 45 பவுண்டு இழுவிசை (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை) கொண்ட லாங்போ எடுக்கச் சொல்கிறார். நண்பர் ரீகர்வ் என்கிறார். பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பில் 15, 20 மீட்டரில் எய்வேன். 13 வயது மகளும் பழக வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: எந்த வில்லாக இருந்தாலும் 45 பவுண்டு வேண்டாம். தாங்க முடியாத வில்லை இழுத்தால் தோள் மேலே ஏறும், நாண் முகவாயைத் தொடும் முன்பே விரல் விட்டுவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. உங்களுக்கு 25 முதல் 30 பவுண்டு, மகளுக்கு 16 முதல் 18. இருபது மீட்டருக்கு இது தாராளம்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கு உரியது. கைகளைப் பக்கவாட்டில் விரித்து, விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து 2.5 ஆல் வகுங்கள். உங்கள் இழுப்பு நீளம் ஏறத்தாழ வந்துவிடும். 170 செ.மீ. என்றால் 68 செ.மீ., அதாவது 27 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் இரண்டு பவுண்டு குறையும்.

இனி வடிவம். லாங்போ நாணேற்றியதும் ஒரே வளைவாக நிற்கும். ரீகர்வின் நுனிகள் எய்பவருக்கு எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும்; இழுக்கும்போது அந்த வளைவு நிமிர்ந்து கொடுப்பதால், அதே பவுண்டில் கூடுதல் ஆற்றல் சேரும். அம்பு வேகமாகப் போகும், இழுப்பின் கடைசி அங்குலமும் இறுகாது. கைப்பிடிப் பகுதி கனமாக இருப்பதால் கையும் ஆடாது. லாங்போ இலேசானது, சத்தம் குறைவு, தோளில் மாட்டிக்கொண்டு நாளெல்லாம் நடக்கலாம். ஆனால் அம்பு விட்டதும் உள்ளங்கையில் ஓர் அதிர்வு வரும். அம்பு தாங்கும் விளிம்பு இல்லாத பழைய ஆங்கிலேய வகை என்றால் அம்பு முஷ்டி மேல்தான் உட்கார வேண்டும். அம்பின் விறைப்பு கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் பக்கவாட்டில் ஓடும். தொடக்கக்காரருக்குத் தவறு தன்னுடையதா அம்பினுடையதா என்றே புரியாது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் போட்டிகளில் லாங்போ பிரிவுக்கு மர அம்புதான் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆகவே என் தேர்வு, மரக் கைப்பிடியுள்ள, கழற்றி மாட்டும் ரீகர்வ். அதன் கைகளை (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் இரு பகுதிகளை) மட்டும் மாற்றினால் இழுவிசை மாறிவிடும். ஒரே கைப்பிடியில் உங்களுக்கு ஒரு சோடி, மகளுக்கு ஒரு சோடி. பெரும்பாலான லாங்போக்களில் இந்த வசதி கிடையாது. மகளுக்கு இடது கண் ஓங்கியதாக (குறிபார்க்கையில் மூளை அதிகம் நம்பும் கண்ணாக) இருந்தால் மட்டும் இடக்கைக்காரருக்கான தனி வில் தேவைப்படலாம்; வாங்கும் முன் சோதித்துவிடுங்கள். நீளம் 66 அங்குலம் நல்லது, குட்டை வில்லின் நாண் விரலைக் கவ்வும். ஆனால் முந்திரிக் கிளைகள் தாழப் படரும். வில்லின் மேல்நுனி இடிக்கும் இடமென்றால் 62 எடுங்கள். லாங்போ மீது எனக்கும் தீராத ஆசை உண்டு. கை படிந்த பிறகு, 35 பவுண்டில் ஒன்று வாங்குங்கள்.

கடலூர் வெயிலும் ஈரக்காற்றும் மர வில்லுக்கு ஆகாது. முழுமர வில் ஈரத்தில் வலு இழக்கும். கைகளில் ஃபைபர் கிளாஸ் ஒட்டிய வில்லே இங்கே சரி. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் ஒட்டு விட்டுவிடும். எய்து முடித்ததும் நாணை இறக்குங்கள். ஏற்ற, இறக்க அதற்கென்று விற்கும் கயிற்றையே பயன்படுத்துங்கள். காலால் மிதித்து வளைத்தால் ரீகர்வின் நுனி முறுக்கிக்கொள்ளும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது, வில் உடையும்.

இலக்குக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் மண்மேடு கட்டுங்கள். கொட்டை பொறுக்கும் மாதங்களில் மரத்தடியில் ஆள் குனிந்திருப்பது தெரியாது. அறுவடை முடியும்வரை தோப்பில் எய்ய வேண்டாம்.