லெஜியோனில் மருத்துவ உதவியாளராகச் சேரலாமா? பெரம்பூர்த் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

பெரம்பூரில் பிறந்து, சென்னையில் 108 ஆம்புலன்சில் இரண்டரை ஆண்டுகள் அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்த்துவிட்டு, முதுகலைப் படிப்புக்காகப் பாரிசுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கல்விக்கடனின் பாரம் தாங்காமல் படிப்பை விட்டுவிட்டு, லெஜியோன் எனப்படும் பிரெஞ்சு அயல்நாட்டவர் படையில், அதிலும் கோர்சிகா தீவின் கால்வி நகரில் இருக்கும் பாராசூட் படைப்பிரிவில், போர்க்கள மருத்துவ உதவியாளராகச் சேரலாமா என்று கேட்கிறீர்கள். நான் இராயபுரத்துக்காரன். 2005இல் அந்தப் படையில் கையெழுத்திட்டு, ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தையும் அதற்கு மேல் மூன்று ஆண்டுகளையும் முடித்து வெளியே வந்தவன். இப்போது மார்செய் நகரத்துக்கு அருகில் குடும்பத்தோடு வாழ்கிறேன். இந்தப் பதிலை இராயபுரத்தில் அம்மாவின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதை ஏன் குறிப்பிடுகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் முழுவதும் ஒரு பணியிடத்துக்கு விண்ணப்பம் போடுகிறவரின் குரலில் இருக்கிறது. எந்தப் பிரிவு, எந்தப் பணி, என் அனுபவத்துக்கு எத்தனை மதிப்பு என்று வரிசையாகக் கேட்கிறீர்கள். லெஜியோனில் இந்த வரிசை தலைகீழானது. அங்கே எல்லோரும் ஒரே தாளில், வெறும் லெஜியோனராக, ஐந்து ஆண்டுகளுக்குக் கையெழுத்திடுகிறார்கள். பொறியாளரும் சமையல்காரரும், சொந்த நாட்டில் இராணுவ அதிகாரியாக இருந்தவரும் ஒரே கீழ்ப்படியில்தான் தொடங்குகிறார்கள். எந்தப் படைப்பிரிவுக்குப் போவீர்கள் என்பது நான்கு மாத அடிப்படைப் பயிற்சியின் முடிவில், உங்கள் தர வரிசையையும் அன்றைக்குப் படைக்கு எங்கே ஆள் தேவை என்பதையும் பொறுத்து முடிவாகும். விருப்பத்தைக் கேட்பார்கள், முன்வரிசையில் வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் எழுத்தில் எந்த உறுதியும் கிடையாது.

கால்வி கிடைக்காவிட்டால் எங்கே போக நேரலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நீம் நகரில் காலாட்படை, லோதன், சேன் கிரிஸ்தோல் ஊர்களில் பொறியாளர் பிரிவுகள், கார்ப்பியாஞ்சில் கவசவண்டிப் பிரிவு, லார்சாக்கில் 13ஆம் அரைப்படை எனப்படும் காலாட்படைப் பிரிவு என்று பிரான்சுக்குள்ளேயே பல இடங்கள் உண்டு. கடல் கடந்தால் தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ. அங்கே விண்வெளி ஏவுதளத்தைக் காப்பதும், காட்டுக்குள் சட்டவிரோதமாகத் தங்கம் தோண்டுகிறவர்களை விரட்டுவதும் வேலை. 2015 சனவரியில் பாரிசில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, ரயில் நிலையங்களிலும் வழிபாட்டுத் தலங்களின் வாசல்களிலும் துப்பாக்கியோடு நாள் முழுக்க நடந்து காவல் காக்கும் பணியும் இந்தப் படைக்கு வந்து சேர்ந்தது. 1978இல் ஆப்பிரிக்காவின் கொல்வேசி நகரில் இந்தப் பிரிவு குதித்ததையும், 2013 சனவரியில் மாலி நாட்டின் திம்புக்து நகரத்தின் மேல் இரவில் குதித்ததையும் நினைத்துக்கொண்டு கால்விக்கு வரும் இளைஞர்கள், தங்கள் ஐந்து ஆண்டுகளில் பெரும்பகுதியைப் பயிற்சியிலும் காவலிலும் துப்புரவிலும் கழிக்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, படைவீரர் வாழ்க்கை அப்படித்தான் இருக்கும்.

என் கதையையும் சொல்லியாக வேண்டும். நான் வடசென்னையில் ஐ.டி.ஐ. முடித்த டீசல் மெக்கானிக். லாரி எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவனுக்குப் படையில் உடனே அந்த வேலைதான் தருவார்கள் என்று நம்பினேன். நான் போய்ச் சேர்ந்த பிரிவில் முதல் இரண்டு ஆண்டுகள் துப்பாக்கி வீரன். மூன்றாம் ஆண்டில் கனரக வாகன ஓட்டுநர். மெக்கானிக் பயிற்சிக்கு என் பெயர் இரண்டு முறை போய், இரண்டு முறையும் வேறொருவர் பெயர் வந்தது. நான்காம் ஆண்டில்தான் வாய்ப்புக் கிடைத்தது. அந்த முதல் மூன்று ஆண்டுகளை நான் தாங்கியது மெக்கானிக் ஆகப்போகிறோம் என்ற நம்பிக்கையால் அன்று, பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்களால்தான். தொழிலை மட்டும் எண்ணி வந்த இரண்டு பேர் என் கண்ணெதிரே இரவோடு இரவாக ஓடிப்போனார்கள்.

மருத்துவ உதவியாளர் பணி லெஜியோனில் உண்டு. அடிப்படைப் பயிற்சி நடக்கும் காஸ்தெல்நொதாரியில்தான் சிறப்புப் பணிகளுக்கான பயிற்சிகள் பலவும் நடக்கின்றன. ஆனால் அந்த உதவியாளரும் முதலில் துப்பாக்கி வீரர்தான், தன் பங்குச் சுமையோடு மருந்துப் பையையும் சேர்த்துச் சுமப்பவர். பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் விபத்தில் சிக்கியவரின் இரத்தப்போக்கை நிறுத்திய உங்கள் கைப்பழக்கம் அங்கே நிச்சயம் உதவும். உங்கள் சான்றிதழ் உதவாது. பிரான்சில் செவிலியராக இருக்க அந்நாட்டு அரசுப் பட்டயம் வேண்டும், அது படைக்கும் பொருந்தும். பாராசூட் பிரிவுக்குள் இருக்கும் கமாண்டோ குழுவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெகு உயரத்திலிருந்து குதித்து முன்னதாகவே ஊடுருவும் அந்தச் சிறு குழுவுக்கு, பிரிவில் சில ஆண்டுகள் தேறியவர்களிலிருந்து, மிகக் கடுமையான தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அதை இன்றைக்கு உங்கள் கணக்கில் வைக்காதீர்கள்.

உடல் தகுதியைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு நான் கவலைப்படவில்லை. பீப் ஒலிக்கேற்ப 20 மீட்டர் தூரத்தை மாறி மாறி ஓடும் ஓட்டம், கம்பியில் உடலைத் தூக்குவது இவற்றை மூன்று மாதப் பயிற்சியில் எட்டிவிடலாம். மெரினா மணலில் நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஓடிப் பழகிய கால்கள் என்று எழுதியிருந்தீர்கள், நல்லதுதான். எனக்குச் சோதனையாக இருந்தது குளிர். காஸ்தெல்நொதாரியின் முதல் மாதத்தைப் பண்ணைவீட்டில், தூக்கமும் உணவும் குறைந்த நிலையில் கழிக்க வேண்டும். நான் போனது சனவரி. பிரெஞ்சு தெரியாதவனுக்குப் பிரெஞ்சு தெரிந்த ஒருவனைத் துணையாகக் கட்டிவிடுவார்கள். எனக்கு வாய்த்தவன் மடகாஸ்கர்க்காரன். அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த சொற்களும், நிமிடத்துக்கு 88 அடி என்ற மெதுவான நடையில் பாடிக்கொண்டே நடந்த பாட்டுகளும்தான் என் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேயில் ஆறு மாதம் படித்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு என்னைவிட ஓர் ஆண்டு முன்னிலையைக் கொடுக்கும்.

அடுத்து, சேரும் முறை. பாரிசுக்குக் கிழக்கே நொழான் கோட்டைக்கோ, தென் பிரான்சில் மார்செய்க்கு அருகில் உள்ள ஒபாஞ்னுக்கோ நீங்களே நடந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். பதினேழரை வயதிலிருந்து முப்பத்தொன்பதரை வயது வரையுள்ள ஆண்கள் போகலாம். கட்டணம் என்று ஒரு காசும் கிடையாது. இந்தியாவில் ஆள் சேர்க்கும் அலுவலகமும் கிடையாது. சென்னையில் எந்த முகவராவது லெஜியோனில் இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்டால் அது மோசடி. உதவியாளர் வேலை என்று சொல்லி ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்ட இந்திய இளைஞர்கள் போர்முனைக்குத் தள்ளப்பட்டதையும், அதற்காக 2024இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்ததையும் நீங்கள் அறிவீர்கள். லெஜியோன் அந்த வகையைச் சேர்ந்ததன்று, 1831 முதல் பிரெஞ்சு அரசின் முறையான படை. ஆனால் அதன் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: தேர்வு முடியும் வரை படிப்பை விட்டு விலகாதீர்கள். ஒபாஞ்னில் மருத்துவம், உளவியல் தேர்வு, பின்புல விசாரணை எல்லாம் சேர்ந்து சில வாரங்கள் ஆகும், கதவைத் தட்டுகிறவர்களில் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். ஒரு பழைய முழங்கால் காயமோ, பல்லில் இருக்கும் கோளாறோ போதும். அப்படித் திரும்பும்போது மாணவர் என்ற தகுதியும் கையில் இல்லையென்றால், அயல்நாட்டவருக்குத் தங்கும் அனுமதி தரும் பிரெஃபெக்சர் என்ற அரசு அலுவலகத்தில் உங்கள் தங்கும் உரிமைக்கு அடிப்படையே இருக்காது. கோடை விடுமுறையில் போங்கள். பின்புல விசாரணையில் கடனை மறைக்காதீர்கள். அப்பா கையெழுத்திட்ட கல்விக்கடன் ஒரு குற்றமில்லை, மறைத்தது தெரிந்தால்தான் குற்றம். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம், அதற்குள் இரு தரப்பும் விலகலாம். ஆரம்பச் சம்பளம் பிரான்சின் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியதுதான். உணவுக்கும் தங்குவதற்கும் செலவில்லை என்பதால் மிச்சம் பிடித்து அனுப்பலாம்.

உள்ளே போனதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் காலத்தில் எல்லோருக்கும் கட்டாயமாகப் புதுப்பெயர் கொடுத்தார்கள். 2010 முதல் சொந்தப் பெயரிலேயே சேரலாம். உங்களுக்கு வாய்ப்பிருந்தால் சொந்தப் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு பெயரில், வேறொரு பிறந்த தேதியோடு நான் வாழ்ந்த காலத்தில் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் எந்தப் பெயரைப் போடுவது என்று தயங்கியே பல கடிதங்களை எழுதாமல் விட்டேன். ஏழு மாதம் என்னிடமிருந்து ஒரு சொல்லும் வராததால், அப்பா புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது படைவீரர், குடும்பங்களின் வீடுகளில் ஏறி இறங்கி, என் மகனைத் தேட வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அது தெரிய வந்தது அவர் இறந்த பிறகு. அந்த இறப்புக்கும் நான் வரவில்லை. அப்போது ஆப்பிரிக்காவில் இருந்தேன்.

இனி, நான் எங்கிருந்து எழுதுகிறேன் என்ற செய்தி. மூன்று ஆண்டுப் பணிக்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்; பணியில் காயம்பட்டவர்களுக்கு, சிந்திய இரத்தத்தால் பிரெஞ்சுக்காரர் ஆகும் உரிமையை 1999ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. நான் விண்ணப்பித்துப் பெற்றேன். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, அந்த நாளிலேயே என் இந்தியக் குடியுரிமை முடிந்தது. அது எல்லோருக்கும் நடப்பது என்றும், பிறகு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் தடையின்றி வந்து போகலாம் என்றும் நினைத்திருந்தேன். கணினித் துறையில் வேலை பார்க்கும் என் தங்கையின் கணவர் கனடாவில் அப்படித்தான் வாங்கினார். வெளிநாட்டு இராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும் அந்த அட்டை கிடையாது என்பது இந்திய அரசின் விதி. படையில் இருந்த எட்டு ஆண்டுகளில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று, இராணுவத்தில் இருந்திருக்கிறீர்களா என்று கேட்கும் விசாப் படிவத்தில் ஆம் என்று எழுதி, காத்திருந்து, அம்மாவின் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக வந்திருக்கிறேன். விசாவில் குறித்த நாள் வந்தால், அவர் நடக்கத் தொடங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் விமானம் ஏற வேண்டும்.

நீங்கள் ஒற்றைப் பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, சேர்வதானாலும் ஒரு வழி இருக்கிறது: நன்னடத்தைச் சான்றிதழோடு வெளியே வருகிறவருக்குப் பத்து ஆண்டு குடியிருப்பு அட்டை கிடைக்கும். குடியுரிமை கேட்காமல் அந்த அட்டையோடு நின்றுகொண்டால் இந்தியப் பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கும். எனக்குத் தெரிந்திருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

என் தீர்ப்பைக் கேட்டால், மருத்துவப் பணிதான் உங்கள் உயிர் என்றால் லெஜியோனுக்குப் போக வேண்டாம். பிரான்சிலேயே மூன்று ஆண்டுச் செவிலியர் படிப்பு இருக்கிறது; உங்கள் பிரெஞ்சு இன்னும் ஓர் ஆண்டில் அதன் நுழைவுக்குப் போதுமானதாகிவிடும், நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் வேலை அங்கே உறுதி. உயர்தரப் படைப்பிரிவு ஒன்றில் சேர வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், நீங்கள் பிறந்த ஊரில், பரங்கிமலையில், இந்திய இராணுவத்தின் அதிகாரிப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. பட்டம் உங்களிடம் இருக்கிறது, வயது இன்னும் கடந்துவிடவில்லையா என்று இந்த வாரமே பாருங்கள். அங்கே தேறி அதிகாரியானவர்கள் பாராசூட் சிறப்புப் படைக்குத் தாமாக முன்வரலாம். இந்த இரண்டும் அல்லாமல், எந்தப் பணியும் கிடைக்காமல் ஐந்து ஆண்டும் ஒரு துப்பாக்கி வீரனாகவே கூரூவின் மழைக்காட்டில் கழிந்தாலும் எனக்குச் சம்மதம், மாலியில் இறந்தவர்களைப் போல நானும் இறக்க நேரலாம் என்பதும் சம்மதம் என்று உங்களால் மனதாரச் சொல்ல முடிந்தால், நொழான் கோட்டைக்குப் போங்கள், நான் தடுக்க மாட்டேன். அங்கே எனக்குக் கிடைத்த தோழமையை வேறெங்கும் நான் காணவில்லை. கிறிஸ்துமஸ் இரவில் அதிகாரிகள் தங்கள் குடும்பங்களை விட்டுவிட்டு எங்களோடு படைவீட்டில் உட்கார்ந்து உண்டதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லாமல் போய், கெபி பிளாங் என்ற வெள்ளைத் தொப்பி கிடைத்த பிறகு படம் அனுப்பலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். நான் இந்த மாதம் 26ஆம் தேதி வரை இராயபுரத்தில் இருக்கிறேன். நீங்கள் முதலில் தொலைபேசியில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு அவர் விரும்பினால், ஒரு மாலையில் பெரம்பூருக்கு வந்து அவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் நேரில் பதில் சொல்கிறேன். என் அம்மாவும் உடன் வருவதாகச் சொல்கிறார், நடக்க முடிந்தால்.

அன்புடன்,
இராயபுரத்து அண்ணன்