கையுறை போட்டுக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

கவுனோடு முழங்கைக்கு மேல் ஏறும் கையுறை அணிந்தால் விருந்தில் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கைக்கு ஏதோ அழைப்பிதழ் வந்திருக்கிறது போலும். கழற்றித்தான் சாப்பிட வேண்டும். அதனால் வாங்குமுன் மணிக்கட்டின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே சிறு பிளவும் அதை மூட மூன்று பொத்தான்களும் இருந்தால் பிழைத்தீர்கள்.

நான் பார்க்கவில்லை. வியன்னாவுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் குளிர்காலம். அந்தப் பருவத்தில் இந்த ஊரில் 400க்கும் மேற்பட்ட நடன விழாக்கள் நடக்கும். வெள்ளைக் கவுனும் வெள்ளைக் கையுறையுமாக இளம்பெண்கள் தொடங்கிவைக்கும் ஓப்பரா மாளிகை விழா அல்ல, தோழி அழைத்த சிறிய விழா. அதற்கும் தரை தொடும் கவுன்தான் வேண்டுமாம். கவுனையும் சாட்டின் கையுறையையும் வாடகைக்கு எடுத்தேன். '16 பொத்தான்' என்றார் கடைக்காரம்மா. ஒரு பொத்தான்கூட இல்லையே என்று விழித்தேன். அது நீளக் கணக்காம்; கட்டைவிரலின் அடியிலிருந்து மேல்நோக்கி, பொத்தானுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம்.

நள்ளிரவில் குலாஷ் சூப் வந்தது. மிளகாய்ப்பொடி கரைத்த செக்கச்சிவப்பு. வலக் கையுறையை உரித்துவிட்டேன். இடது, வியர்வையில் ஒட்டி, பாம்புச் சட்டை மாதிரி பாதியில் நின்றுவிட்டது. எதிரே ஒரு பாட்டி மூன்று பொத்தான்களை அவிழ்த்து, பிளவு வழியாகக் கையை வெளியே எடுத்து, காலி விரல்களைச் சுருட்டி மணிக்கட்டுக்குள் செருகிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார். என் காலி விரல்கள் சூப்பில் நீந்தின. முன்பணத்தில் பாதி போயிற்று.

உட்கார்ந்து உண்ணும் விருந்தில் முழுதாகக் கழற்றி மடியில் வைப்பதே முறை, செருகுவது அநாகரிகம் என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள். நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். கையுறைக்கு மேல் மோதிரம் மட்டும் போடாதீர்கள், வளையல் போடலாம்.

'பட்டுப்புடவை கட்டியிருக்கலாமே' என்பவர்களுக்கு: என்னிடம் பட்டுப்புடவை ஒன்பது இருக்கிறது. ஒரு ராத்திரி கவுன் போட்டேன், அவ்வளவுதான். படத்தைப் பார்த்த பெரியப்பா எங்கள் குடும்பக் குழுவில், 'துரைசாணி வேஷம் பிரமாதம்' என்று எழுதினார். நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதம்தான் முதல்முறையாகத் தனியாக அழைத்தார், தம்பிக்கு விசா வாங்கித் தர முடியுமா என்று.