பல சர்வர்களில் பரவி இயங்கும் தேடல் மென்பொருளான சோலர் கிளவுடில் (SolrCloud), தரவின் ஒரு நகலின் நிலை 'ஆக்டிவ்' என்று காட்டினால், அது நலமாக இருப்பதாகக் கொள்ளலாமா?

கொள்ளக்கூடாது. சர்வர்களின் நிலையைக் குறித்து வைக்கும் ஜூகீப்பரில் (ZooKeeper) பதிவாகியிருப்பது கடைசியாக அறிவிக்கப்பட்ட நிலை மட்டுமே. நகல் இருக்கும் சர்வர் திடீரென நின்றுபோனால் அந்தப் பதிவு 'ஆக்டிவ்' என்றே நீடிக்கக்கூடும் என்பதால், அந்த சர்வர் உயிருடன் உள்ள நோடுகளின் (இயங்கிக்கொண்டிருக்கும் சர்வர்களின்) பட்டியலிலும் இருக்கிறதா என்று சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டும் பொருந்தினாலும் நான் அதோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு நகலுக்கும் எல்லா ஆவணங்களையும் கேட்கும் வினவலை, 'டிஸ்ட்ரிப்' (distrib) என்ற அளவுருவின் மதிப்பை 'ஃபால்ஸ்' என வைத்து நேரடியாக அனுப்பி, வரும் எண்ணிக்கையை அதே ஷார்டின் (தரவுப் பகுதியின்) லீடரோடு, அதாவது அதன் முதன்மை நகலோடு, ஒப்பிடுங்கள். அந்த மதிப்பை விட்டுவிட்டால் வினவல் மற்ற நகல்களுக்கும் போய்விடும், சோதனை பயனற்றதாகிவிடும். ஒன்றில் 1,20,000, மற்றொன்றில் 1,19,960 என்று வந்தால் உடனே பதற வேண்டாம், ஏனெனில் எழுதியதைத் தேடலில் தெரியவைக்கும் கமிட் நகலுக்கு நகல் சற்று முன்பின்னாக நடக்கும். எழுதுவதை நிறுத்திக் கமிட் செய்த பின்னும் வேறுபாடு நீடித்தால், இரண்டில் ஒன்று பழுதாகியிருக்கிறது.